சோவியத் சிறைகளின் "திருத்த உழைப்பு": சட்டம் என்ன சொன்னது, கணக்கு எங்கே போனது?

பழைய மாஸ்கோ வெளியீடுகளில், கைதியை உழைப்பால் திருத்தி மனிதனாக்கிய சட்டம் என்று சோவியத் சிறைச் சட்டத்தைப் பற்றி வருகிறது. வேறு எதைத் திறந்தாலும் குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்கள்தான் வருகின்றன. இரண்டில் எது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. ஒரு சோஷலிச அரசு கைதியை வேலை வாங்குவதைச் சீர்திருத்தம் என்று உள்ளபடியே நம்பித் தொடங்கியதா, இல்லை ஆரம்பம் முதலே அது இலவச ஆள்பிடிப்புக்குப் போட்ட முகமூடிதானா? நம்பித்தான் தொடங்கினார்கள். சட்டமும் உண்மை, முகாமும் உண்மை. கைதியின் உழைப்பு யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்து போனால் ஒன்று மற்றொன்றாக மாறிய இடம் தெரியும். நான் சொல்வது பெரும்பாலும் ருஷ்யக் குடியரசின் சட்டங்களை வைத்து. உக்ரைன் முதலான குடியரசுகளுக்குத் தனித்தொகுப்புகள் இருந்தன. போக்கு ஒன்றுதான், நுணுக்கங்கள் வேறுபடும்.

புரட்சி நடந்து ஒன்பது மாதத்திலேயே, 1918 ஜூலையில், நீதித்துறை மக்கள் ஆணையகம் (அதாவது அமைச்சகம்) ஒரு தற்காலிக அறிவுறுத்தலை வெளியிட்டது: உடல்வலு உள்ள தண்டனைக் கைதி எல்லோரும் வேலை செய்தாக வேண்டும். அதன் முழு வடிவம் 1924 அக்டோபர் 16 அன்று வந்த திருத்த உழைப்புச் சட்டத்தொகுப்பு. அதன் 49-ஆம் பிரிவை இன்று படித்தாலும் புருவம் உயரும். அடி உதை, காலில் சங்கிலி, கைவிலங்கு, தண்டனை அறை, கடுந்தனிமை, சாப்பாட்டை நிறுத்துதல், பார்க்க வந்தவரைக் கம்பி வலைக்கு அப்பால் நிறுத்திப் பேசவைத்தல் இத்தனையும் கூடாது என்று பெயர் சொல்லித் தடை. கைதியின் வேலை நேரமும் வேலை நிலைமையும் வெளியில் உள்ள தொழிலாளிக்கான தொழிலாளர் சட்டத்தின்படியே. இரண்டு நாள் வேலை செய்தால் தண்டனையில் மூன்று நாள் கழியும். கைதிகள் தொடக்கநிலை, நடுநிலை, மேல்நிலை என்று மூன்று படிகளில் ஏறலாம். விவசாயக் கைதிக்கு உழவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்வர விடுப்பு உண்டு. அந்த நாட்களும் தண்டனைக் கணக்கில் சேரும். சிறைத் துறையின் தலைவராக இருந்த எவ்சேய் ஷிர்விந்த் இதையெல்லாம் மனதார நம்பியவர். அந்தக் காலத்து ஐரோப்பியச் சிறைச் சட்டங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால், தாளில் இது முன்னேதான் நிற்கிறது. ஆகவே அந்த மாஸ்கோ வெளியீடுகள் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை.

நடைமுறை வேறு. உள்நாட்டுப் போர் முடிந்ததும் அரசிடம் காசு இல்லை. 1922 முதல் சிறைகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. வெளியில் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலம் அது. சிறைப் பட்டறை மேசை நாற்காலி செய்து சந்தைக்கு அனுப்பினால் ஊர்த் தொழிலாளி சண்டைக்கு வருவார். பட்டறைக்கு மூலப்பொருள் இல்லை, கருவி இல்லை, பாதிக் கைதிகளுக்கு வேலையும் இல்லை. வேலை இல்லாவிட்டால் நாள் கழிவும் இல்லை. இடமோ நெரிசல், இடம் காலி செய்ய அடிக்கடி பொதுமன்னிப்பு, முன்விடுதலை. சட்டம் கட்டாயமாக்கிய வேலை கைதிக்குக் கிடைக்காத சலுகையாக இருந்த விசித்திரக் காலம் அது. வர்க்கப் பாகுபாடும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது: உழைப்பாளி வர்க்கத்தவர் சீக்கிரம் படி ஏறலாம், "வர்க்க எதிரி" கீழ்ப்படியிலேயே காத்திருக்க வேண்டும். ஒப்புமைக் கோட்பாடு என்ற ஒன்று 1922 குற்றவியல் தொகுப்பிலேயே இருந்தது. செய்த செயல் எந்தப் பிரிவிலும் வராவிட்டால், கிட்டத்தட்ட ஒத்துவரும் பிரிவை வைத்து நீதிபதி தண்டிக்கலாம். மனிதாபிமானச் சிறைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கதவும் திறந்து கிடந்தது என்பதை மறக்கக்கூடாது.

இதற்கு இணையாக இன்னொரு தடம் ஓடிக்கொண்டிருந்தது. 1918 செப்டம்பர் 5-ஆம் தேதியின் செம்பயங்கர ஆணை, வர்க்க எதிரிகளை முகாம்களில் தனிமைப்படுத்தச் சொன்னது. 1919 ஏப்ரலில் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு ஆணை வந்தது. மாகாணத் தலைநகர் ஒவ்வொன்றிலும் குறைந்தது 300 பேருக்கான முகாம் வேண்டும் என்றும், முகாமின் செலவைக் கைதிகளின் உழைப்பே ஈடுகட்ட வேண்டும் என்றும் விதி. 1923 அக்டோபர் 13 அன்று வெண்கடலில் உள்ள சொலவெத்ஸ்கித் தீவுகளின் பழைய மடத்தில் ஓ.ஜி.பி.யு. என்ற அரசியல் காவல் துறையின் சிறப்பு முகாம் நிறுவப்பட்டது. ஷிர்விந்தின் சட்டத்தொகுப்பு இந்தத் தடத்தின் மேல் கை வைக்க முடியாது. ஒரே நாட்டில் இரண்டு சிறை அமைப்புகள், இரண்டு எஜமானர்கள். 1920கள் முழுக்க எது எதை விழுங்கும் என்பதே கேள்வியாக இருந்தது.

உழைப்பால் திருந்தியதற்குச் சான்று கேட்டால் சோவியத் தரப்பு எப்போதும் காட்டியது இரண்டு கம்யூன்களை, அதாவது கூட்டாக வாழ்ந்து உழைத்த குடியிருப்புகளை. 1924-ல் மாஸ்கோவுக்கு அருகே பல்ஷெவோவில் மத்வேய் பக்ரெபின்ஸ்கி தொடங்கியது ஒன்று. காவல் இல்லை, வேலி இல்லை. புதிதாக யாரைச் சிறையிலிருந்து எடுப்பது என்பதை ஏற்கெனவே உள்ள முன்னாள் திருடர்களின் பொதுக்கூட்டமே முடிவு செய்யும். பனிச்சறுக்குக் காலணியும் விளையாட்டுச் சாமான்களும் செய்து விற்றார்கள். மற்றது, 1927-ல் கார்கிவ் அருகே அன்தோன் மகரேன்கோ நடத்திய கம்யூன்: அநாதைகளும் குற்றச்சாட்டில் சிக்கிய சிறுவர்களும் நாளுக்கு நான்கு மணிநேரம் பட்டறையில், மீதிப் பொழுது பள்ளியில். 1932-ல் மின் துளைக்கருவி செய்தார்கள், 1934 முதல் ஜெர்மானிய லைக்காவைப் பார்த்து எஃப்.இ.டி. கேமராவைத் தொடர் உற்பத்தியாகச் செய்தார்கள். சிறுவர்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் லென்ஸ் குழலைக் கடைந்தார்கள் என்றால் அது நாடகத்துக்குச் செய்வதல்ல. இந்த வெற்றிகளை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இவை ஏன் வெற்றி பெற்றன என்று பாருங்கள்: சேருவது விருப்பத்தின் பேரில், கற்ற தொழிலுக்கு வெளியே சந்தை இருந்தது, கூலி கையில் வந்தது, யாரை வைத்துக்கொள்வது என்று அங்குள்ளவர்களே தீர்மானித்தார்கள். சில நூறு, ஓரிரு ஆயிரம் பேர் அளவில் இது நடக்கும். லட்சக்கணக்கில் பெருக்கும்போது இந்த நான்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1937-ல் பக்ரெபின்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார், பல்ஷெவோவின் முன்னணியினர் பலர் கைதானார்கள். கார்கிவில் தொழிற்சாலை மட்டும் மிஞ்சியது.

திருப்பம் 1928-29-ல். முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிவிட்டது. அந்நியச் செலாவணிக்கு வடக்கின் மரமும் தங்கமும் வேண்டும், அங்கே சம்பளத்துக்கு யாரும் போகமாட்டார்கள். மரம் வெட்டக் கைதிகளை அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தவர்களில் ருஷ்யக் குடியரசின் நீதித்துறை மக்கள் ஆணையர் நிக்கலாய் யான்சனும் ஒருவர். காவல் துறைக்காரர் இல்லை, நீதித்துறையின் தலைவர் என்பதைக் கவனியுங்கள். 1929 ஜூலை 11 அன்று மக்கள் ஆணையர் குழு, அதாவது அமைச்சரவை, முடிவெடுத்தது: மூன்று ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள் இனி ஓ.ஜி.பி.யு.வின் திருத்த உழைப்பு முகாம்களுக்கு. 1930 ஏப்ரல் 7 அன்று முகாம்களுக்கென்று தனி விதித்தொகுப்பு வந்தது. 1933-ல் புதுத் திருத்த உழைப்புச் சட்டத்தொகுப்பு வந்தபோது அது காலனிகள் என்ற உழைப்புச் சிறைகளுக்கும் மற்றச் சிறைகளுக்கும்தான். பெரும் முகாம்கள் 1930 விதியின் கீழேயே இருந்தன. 1934 அக்டோபரில் மிச்சமிருந்த காலனிகளும் உள்துறை ஆணையகமான என்.கே.வி.டி.யின் குலாக் நிர்வாகத்துக்குப் போயின. முகாம்களில் இருந்தவர்கள் 1930 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,79,000 பேர். 1934 தொடக்கத்தில் 5,10,000. 1941 தொடக்கத்தில் 15 லட்சம், காலனிகளில் இருந்த நான்கு லட்சத்துச் சொச்சம் தனி.

இந்தப் புதுப் பாணியின் காட்சிப்பொருள் வெண்கடல்–பால்டிக் கால்வாய். 227 கிலோமீட்டர், 19 மதகுகள், 20 மாதம், 1933 ஆகஸ்ட் 2 அன்று திறப்பு. இறக்குமதி எந்திரங்களுக்குக் காசு இல்லாததால் மதகுகள் பெரும்பாலும் மரத்தில். பாறையை உளியாலும் கடப்பாறையாலும் உடைத்து, பலகைப் பாதையில் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியில் மண் ஏற்றினார்கள். கால்வாய் ஆழம் குறைவு, ஆண்டில் பாதிநாள் உறைந்து கிடக்கும். பெரிய கப்பல் போகாது. திறப்புக்குப் பின் 12,484 பேர் விடுதலை, 59,516 பேருக்குத் தண்டனைக் குறைப்பு என்று அரசாணை வந்தது. இறந்தவர்கள் முகாம் பதிவேட்டின்படி 12,000-க்குச் சற்று மேல். 25,000 என்றும் அதற்கு மேலும் சொல்பவர்கள் உண்டு. பதிவேட்டு எண்ணைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

இனி உள்ளே இயங்கிய பொறி. முகாமின் அச்சாணி நார்மா, அதாவது ஒருநாள் வேலையளவு: இத்தனை கன மீட்டர் மண், இத்தனை கன மீட்டர் மரம். அளவு நிர்ணயிக்கும் எழுத்தர் ஒருவர், குழுத்தலைவர் ஒருவர்; மாலையில் குழுவின் வேலையை அளந்து சதவீதம் போடுவார்கள். அந்தச் சதவீதத்தின்படி மறுநாள் ரொட்டியும் கஞ்சியும். அளவைத் தாண்டியவனுக்குப் பெரிய துண்டும் கூடுதல் கஞ்சியும், எட்டாதவனுக்குக் குறைவு, வேலை மறுத்தவனுக்கு 300 கிராம் ரொட்டி. மேலிருந்து பார்த்தால் ஊக்கத்தொகை போலத் தோன்றும். உடலின் கணக்கு வேறு. வெட்டுமரக்காட்டில் பனியில் நாள் முழுக்க நின்றவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ரொட்டி, அந்தக் கூடுதல் வேலையில் எரிந்துபோகும் சத்தைத் திரும்பத் தராது. முகாமில் பழகியவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்: ஆளை முடிப்பது சின்ன ரேஷன் இல்லை, பெரிய ரேஷன்தான். இன்னொரு பக்கம், ஒருநாள் காய்ச்சலில் 70 சதவீதம் செய்தவனுக்கு மறுநாள் ரேஷன் குறையும், அதனால் 60 ஆகும், பிறகு 40. இந்தச் சறுக்கலில் விழுந்தால் மருத்துவர் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு. மருத்துவக் குழு ஆட்களைக் கடும் உழைப்பு, நடுத்தரம், இலகு, வேலைக்கு ஆகாதவர் என்று பிரித்தது. பலர் எழுதியிருக்கும்படி, ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பின்புறத் தசையைக் கிள்ளிப் பார்ப்பதே பரிசோதனை. தசை மீண்டு வந்தால் காட்டு வேலைதான்.

ரேஷனை உற்பத்தியோடு கட்டும் இந்த முறையைச் சொலவெத்ஸ்கியில் கைதியாக வந்து அதிகாரியான நப்தாலி பிரெங்கெல் கண்டுபிடித்தார் என்பது பரவலான கதை. அவர் அதைத் தீட்டினார், பரப்பினார் என்பது வரை ஏற்கலாம். ஒரே ஆளின் மூளையில் உதித்தது என்பது நிலைக்காது. வேலைக்கேற்ற உணவு என்பது உள்நாட்டுப் போர்க் காலத்து ரேஷன் அட்டைகளிலேயே இருந்தது.

சதவீதத்தில் உயிர் தொங்கும்போது சதவீதத்தைப் பொய்யாகப் போடுவதும் தொழிலாகிவிடும். முகாம் வழக்கில் அதற்குத் தூப்தா என்று பெயர். வெட்டி அடுக்கிய மரத்தின் முனையில் முத்திரை குத்தியிருக்கும். அந்த முனையைச் சில அங்குலம் அறுத்தெறிந்தால் மரம் புதிதாக வெட்டியது போல இருக்கும், மறுபடியும் கணக்கில் ஏறும். அடுக்கை வெளியே நெருக்கமாகவும் உள்ளே பொந்தாகவும் வைத்தால் கன மீட்டர் கூடும். அளப்பவனுக்கும் தெரியும், குழுத்தலைவனுக்கும் தெரியும், முகாம் தலைவனுக்கும் தெரியும். அவனுடைய திட்ட இலக்கும் அதே தாளில்தான் நிற்கிறது. மேலே போகும் அறிக்கையில் மரம் இருக்கும், ஆற்றங்கரையில் இருக்காது. சோவியத் சிறைப் பொருளாதாரத்தின் எண்களைப் படிக்கும்போது இந்த அறுத்தெறிந்த மரமுனைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டியைவிட வலிமையான ஊக்கம் ஒன்று இருந்தது, நாள் கழிவு. இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை கிடைக்கிறது. 1938 ஆகஸ்ட் 25 அன்று நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக்குழுக் கூட்டத்தில் நன்றாக உழைத்த கைதிகளை முன்விடுதலை செய்யும் விஷயம் வந்தது. ஸ்தாலின் எதிர்த்தார். அவர் வாதத்தின் சாரம்: விடுவிப்பது நியாயமாக இருக்கலாம், நாட்டுப் பொருளாதாரத்துக்கு நல்லதல்ல, நல்ல ஆட்கள் போய்விடுவார்கள், மோசமானவர்கள் மிஞ்சுவார்கள், வேண்டுமானால் பதக்கம் கொடுங்கள், ஆனால் ஆள் அங்கேயே இருக்கட்டும். 1939 ஜூனில் நாள் கழிவும் முகாம்களிலிருந்து நிபந்தனை முன்விடுதலையும் ரத்தாயின. தண்டனையின் நோக்கம் திருத்துவது என்றால் திருந்தியவனை அனுப்பிவிட வேண்டும். நோக்கம் வேலை என்றால் திருந்தியவன்தான் நல்ல வேலைக்காரன், அவனைத்தான் அனுப்பக்கூடாது. இரண்டும் மோதும்போது எது வென்றது என்று மூலஆவணத்திலேயே இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அபூர்வம். 1920களில் வார்டனுக்குக் கைதி ஒரு செலவு, சீக்கிரம் விடத் தோன்றும். 1930களில் முகாம் தலைவனுக்குக் கைதி இலக்கை எட்டித் தரும் கை. சட்டத்தின் நல்ல வார்த்தைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன, விடுவிப்பதில் ஆதாயம் உள்ளவர்தான் யாரும் இல்லாமல் போனார். ஷிர்விந்த் 1938-ல் கைதாகி முகாம் வாழ்க்கையை உள்ளேயிருந்தே பார்த்தார்.

சிறையில்லாத் திருத்த உழைப்பு என்ற இன்னொரு கிளையும் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. தண்டனை பெற்றவர் தன் வேலையிலேயே தொடர்வார், சம்பளத்தில் ஒரு பகுதி பிடித்தம். குறுகிய சிறைத்தண்டனைக்கு இதைவிட நல்ல மாற்று அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. சிறிய குற்றத்துக்குச் சிறை வேண்டாம் என்ற கொள்கை 1920களின் கடைசியில் வலுத்தது. 1930 வாக்கில் ருஷ்யக் குடியரசின் நீதிமன்றத் தண்டனைகளில் பாதியளவு இந்த வகைதான். ஆனால் 1940 ஜூன் 26 ஆணை இதே கருவியை வேலை ஒழுக்கத்துக்குத் திருப்பியது: காரணமில்லாமல் வேலைக்கு வராதவருக்கு ஆறு மாதம் வரை திருத்த உழைப்பு, சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடித்தம்; இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமும் வராததாகவே எண்ணப்பட்டது. அனுமதியின்றி வேலையை விட்டால் இரண்டு முதல் நான்கு மாதம் சிறை. லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் குற்றவாளிகளானார்கள். மென்மையான தண்டனை ஒன்று கையில் இருந்தால் அதைக் கண்டதற்கெல்லாம் எடுக்கத் தோன்றும் என்பது எல்லாச் சட்ட முறைகளிலும் நடப்பதுதான். இங்கே அது உச்சத்துக்குப் போனது.

எண்களில் எது உறுதி, எது சர்ச்சை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆவணக்காப்பகம் திறந்த பிறகு ஆண்டு வாரியான கைதி எண்ணிக்கை பெரிய சர்ச்சைக்கு உரியதல்ல. 1950 தொடக்கத்தில் முகாம், காலனி இரண்டிலும் சேர்த்து 25 லட்சத்துக்கு மேல், அதுவே உச்சம். மிக மோசமான ஆண்டு 1942. போர், பஞ்ச ரேஷன், ஆண்டு முழுக்க மூன்றரை லட்சம் சாவு பதிவாகியிருக்கிறது. 1930 முதல் 1953 வரை பதிவான சாவுகள் 16 லட்சம் அளவில். சர்ச்சை இதற்கு மேல்தான். சாகப்போகிறவர்களை வேலைக்கு ஆகாதவர் என்று எழுதி விடுவித்து அனுப்பும் வழக்கம் இருந்தது. வழியிலோ வீட்டிலோ இறந்தவர்கள் முகாம் கணக்கில் வரமாட்டார்கள். அதை எவ்வளவு கூட்டுவது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. 1930-31-ல் ஏறக்குறைய 18 லட்சம் பேர் "பணக்கார விவசாயக்" குடும்பங்கள் என்று நாடுகடத்தப்பட்டுச் சிறப்புக் குடியிருப்புகளில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே. ஆள்தேவைக்காகவே கைது செய்தார்களா என்பதும் தீராத வழக்கு. 1937-38 பெருங்களையெடுப்பு பொருளாதாரத்துக்கு நாசம், திறமைசாலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அதை ஆள்தேவையால் விளக்க முடியாது என்பது என் கருத்து. 1947 ஜூன் 4-ஆம் தேதியின் திருட்டு ஆணைகள் போன்றவற்றில், அரசுச் சொத்தில் சிறு திருட்டுக்கும் ஏழு ஆண்டிலிருந்து தொடங்கும் தண்டனைகளில், ஆள் வரத்து ஓர் இனிய பக்கவிளைவாக இருந்திருக்கலாம் என்பது வரை போவேன்.

இவ்வளவுக்கும் லாபமாவது வந்ததா? இல்லை. காவல், வேலி, நாய், நிர்வாகம், ஆட்களை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏற்றிச் செல்லும் ரயில் எல்லாம் சேர்ந்தால் இலவச உழைப்பு இலவசமாக நிற்பதில்லை. கடைசியில் முகாம் நிர்வாகமே நாள் கழிவைச் சில கட்டுமானங்களில் திரும்பக் கேட்டு வாங்கியது; ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் வரை கழிந்தது. 1950 மார்ச்சில் பெரும்பாலான முகாம்களுக்குக் கூலி அறிமுகமானது. ஆளைச் சாப்பாட்டால் மிரட்டி வேலை வாங்குவது பலிக்கவில்லை என்று அமைப்பே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்க வேண்டும். ஸ்தாலின் இறந்த மூன்று வாரத்தில், 1953 மார்ச் 27 அன்று, உள்துறை அமைச்சர் பெரியா முன்னின்று கொண்டுவந்த பொதுமன்னிப்பில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் வெளியே வந்தார்கள். சலெகார்த்–இகார்கா ரயில்பாதை, துர்க்மேனியப் பெருங்கால்வாய், சகலின் சுரங்கப்பாதை என்று கைதிகளை வைத்து நடந்த கட்டுமானங்கள் பாதியில் கைவிடப்பட்டன. அவை இல்லாமல் நாடு ஒன்றும் நின்றுவிடவில்லை.

பிந்தைய காலத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கலாம். 1954-ல் நிபந்தனை முன்விடுதலை திரும்பியது. 1958-ன் அடிப்படைச் சட்டம் ஒப்புமைக் கோட்பாட்டை நீக்கியது, உச்சத் தண்டனைக் காலத்தை 25-லிருந்து 15 ஆண்டாக்கியது. 1960 ஜனவரியில் குலாக் நிர்வாகம் கலைக்கப்பட்டது. 1969-ல் ஒன்றியம் முழுமைக்குமான திருத்த உழைப்பு அடிப்படைச் சட்டம், 1970-ல் ருஷ்யக் குடியரசின் தொகுப்பு. காலனிகள் பொது, வலுப்பெற்ற, கடுமையான, சிறப்பு என்று நான்கு ஒழுங்குமுறைகளில். எட்டு மணிநேர வேலை, வாரம் ஒருநாள் ஓய்வு, ஆண்டு விடுப்பு கிடையாது. வேலை செய்த ஆண்டுகள் ஓய்வூதியப் பணிக்காலத்தில் சேராது. சம்பளத்திலிருந்து சாப்பாடும் உடையும் பிடித்தபின், என்ன பிடித்தம் இருந்தாலும் குறைந்தது பத்து சதவீதம் கைதியின் கணக்கில் விழ வேண்டும். காலனிக் கடையில் செலவழிக்க மாதம் பொது ஒழுங்குமுறையில் 7 ரூபிள், கடுமையானதில் 5, சிறப்பில் 4. வீட்டுப் பொட்டலம் பாதித் தண்டனை கழிந்த பிறகுதான். ஒழுங்குத் தண்டனையாகக் குறைந்த ரேஷன் இருந்தது. 1924-ன் 49-ஆம் பிரிவு சாப்பாட்டை நிறுத்துவதைப் பெயர் சொல்லித் தடுத்தது; அரைநூற்றாண்டுக்குப் பின் சாப்பாட்டைக் குறைப்பது சட்டத்துக்குள்ளேயே இருந்தது. மொர்தோவியாவில் அரசியல் கைதிகள் கையுறை தைத்தார்கள், பெர்ம் காலனிகளில் இஸ்திரிப்பெட்டி வயருக்கு முனை பொருத்தினார்கள். திறமை வளர்க்கும் தொழில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஆள் சாகவில்லை, அது சின்ன மாற்றமும் இல்லை. முறைகேட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் இருந்தது. குற்றஞ்சாட்டி உள்ளே அனுப்பியதும் அதே அலுவலகம்தான். கைதி வழக்குப் போட நீதிமன்றம் இல்லை.

சீனாவின் சிறை உழைப்பு பற்றியும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். 1954-ன் உழைப்புவழித் திருத்த விதிகள் சோவியத் அனுபவத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே கூடுதலாக இரண்டு: தண்டனை முடிந்தவரையும் அதே பண்ணையில் "வேலைவாய்ப்பு" என்று நிறுத்திவைத்தல், 1957 ஆகஸ்டில் வந்த, நீதிமன்றமே இல்லாமல் நிர்வாகம் அனுப்பும் மறுகல்வி முகாம். பின்னதற்கு 1979-ல்தான் மூன்று ஆண்டு வரம்பு வந்தது, ஓராண்டு நீட்டிப்பு தனி. 2013 டிசம்பர் 28 அன்று ஒழிக்கப்பட்டது.

அப்படியானால் சிறை வேலையை எப்போது சீர்திருத்தம் என்பது, எப்போது கட்டாய உழைப்பு என்பது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு 29-ஆவது உடன்படிக்கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்திருக்க வேண்டும், வேலை அரசு அதிகாரியின் மேற்பார்வையில் இருக்க வேண்டும், கைதியைத் தனியாருக்கு வாடகைக்கு விடக்கூடாது. குலாக்கில் தனியார் இல்லை, மேற்பார்வை அரசுடையது. இந்த இரண்டிலும் சோவியத் தரப்பு சுலபமாகத் தேறும். முதல் நிபந்தனையில்தான் விழுந்தது: ஓ.ஜி.பி.யு.வின் உயர்குழுவான கொலேஜியம், மூவர் குழுக்கள், 1934-க்குப் பின் சிறப்பு ஆலோசனைக்குழு என்று நீதிமன்றமில்லாமலே பலரை அனுப்பினார்கள். சோவியத் ஒன்றியம் இந்த உடன்படிக்கையை ஏற்றது 1956-ல். இந்த அளவுகோலில் ஒரு ஓட்டையும் உண்டு: அரசே முதலாளியாக இருக்கும் நாட்டில், தனியார் கூடாது என்ற விதி யாரையும் காப்பாற்றாது. அங்கே நான் நான்காவதாக ஒன்று கேட்பேன்: கைதியை நாளை விடுவித்தால் அதை முடிவு செய்பவரின் இலக்கு குறையுமா?

இன்றைய ருஷ்யாவில் இதைக் கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கட்டாயப்பணித் தண்டனையில், குற்றவாளி திருத்த மையத்தில் தங்கிக் கூலி வேலை செய்கிறார், 5 முதல் 20 சதவீதம் அரசுக்குப் பிடித்தம். வேலி இல்லை, கைபேசி உண்டு, குடும்பத்தைப் பார்க்கலாம். காலனியைவிட எவ்வளவோ மேல், பல கைதிகள் விரும்பி மனு போடுகிறார்கள். ஆனால் 2021-ல் மத்திய ஆசியத் தொழிலாளர் வரத்துக் குறைந்தபோது அந்தப் பற்றாக்குறையைக் கைதிகளால் நிரப்பலாம் என்று சிறைத் துறையே யோசனை சொன்னது. பைக்கால்–அமூர் ரயில்பாதை விரிவாக்கத்துக்கு ஆட்கள் போனார்கள். அங்கே நான் பார்ப்பது கூலி விகிதத்தை மட்டும் இல்லை. முன்விடுதலை மனுக்கள் எத்தனை ஏற்கப்படுகின்றன, ஆள் பற்றாக்குறை கூடும் மாதங்களில் அந்த எண்ணிக்கை இறங்குகிறதா என்பதையும்தான்.